சாக்கடை அடைப்பும் சாதியும்: ஒரு சிறு வரலாறு

குளியலறையில் தண்ணீர் இறங்காமல் நின்றால் நம் வீடுகளில் எழும் முதல் கேள்வி, "அடைப்பெடுக்க ஆள் கிடைக்குமா?" என்பதுதான். குழாய் ஒழுகினால் பிளம்பரைத் தேடுகிறோம். மின்சாரம் போனால் எலக்ட்ரீஷியனைத் தேடுகிறோம். அடைப்புக்கு மட்டும் தொழிலின் பெயர் வாயில் வருவதில்லை, "ஆள்" என்கிறோம். அந்த ஆள் எந்தத் தெருவிலிருந்து வருவார் என்பது கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். இந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் இருக்கும் வரலாற்றைத்தான் இங்கே பேச விரும்புகிறேன்.

வடிகால் எவ்வளவு பழையதோ, அடைப்பும் அவ்வளவு பழையது. ஏறத்தாழ 4,500 ஆண்டுகளுக்கு முந்தைய மொகஞ்சதாரோவில் தெருவோரம் செங்கல் வடிகால்கள் ஓடின. அவற்றை மூடிய செங்கற்களையும் கற்பலகைகளையும் தேவைப்பட்டபோது தூக்க முடியும். இடையிடையே கசடு தங்குவதற்கென்றே குழிகள் வெட்டியிருந்தார்கள். தண்ணீரோடு கெட்டிப்பொருளும் வரும், அதை வழியிலேயே பிடித்து நிறுத்த வேண்டும் என்ற அறிவு அன்றே இருந்தது.

இன்று நம் வீடுகளில் இருக்கும் கழிப்பறைக் குழாய் வேறொரு வழியில் வந்தது. 1775-ல் அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரத் தொழிலாளர், வளைந்த குழாய்க்குள் கொஞ்சம் தண்ணீர் எப்போதும் தங்கும்படி செய்து லண்டனில் காப்புரிமை பெற்றார். சாக்கடையின் வாயு வீட்டுக்குள் ஏறாமல் அந்தத் தண்ணீர் தடுக்கும். நம் குளியலறையின் நானி டிராப் இதே தத்துவத்தில்தான் வேலை செய்கிறது. 1858 கோடையில் தேம்ஸ் நதி நாறி நாடாளுமன்றமே மூக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த பிறகு, ஜோசப் பேசல்ஜெட் என்ற பொறியாளர் லண்டனுக்குப் பெரும் பாதாள சாக்கடைகளைக் கட்டினார். அவற்றில் பலவற்றின் குறுக்குவெட்டு முட்டை வடிவில், கூர்முனை கீழே இருக்கும்படி அமைந்தது. தண்ணீர் குறைவாக ஓடும் நேரத்திலும் அந்தக் குறுகிய அடிப்பகுதியில் வேகம் குறையாது, கசடு படியாது.

பாதாள சாக்கடையின் முழுக் கணக்கும் இந்த வேகத்தில்தான் நிற்கிறது. தண்ணீர் வினாடிக்குச் சுமார் 0.6 மீட்டர் வேகத்திலாவது ஓடினால் குழாய் தன்னைத்தானே கழுவிக்கொள்ளும் என்பது பொறியாளர்களின் விதி. அதற்குப் போதிய தண்ணீர் வேண்டும், சரியான சரிவு வேண்டும், குழாய்க்குள் போகக்கூடாதது போகாமல் இருக்க வேண்டும். ஒன்று தவறினாலும் அடைத்துக்கொள்ளும். லண்டனே தப்பவில்லை. 2017-ல் அங்கே வைட்சேப்பல் பகுதியின் சாக்கடையில் சமையல் கொழுப்பும் துடைப்புத் துணிகளும் சேர்ந்து இறுகிய கட்டி ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். நீளம் 250 மீட்டர், எடை 130 டன். பாதுகாப்பு உடையும் உயரழுத்தத் தண்ணீர்க் குழாய்களும் உறிஞ்சு லாரிகளுமாக வாரக்கணக்கில் வேலை செய்து அதை அகற்றினார்கள். ஆக, அடைப்புக்குச் சாதி கிடையாது. எண்ணெய் எங்கே ஊற்றினாலும் உறையும். அதை எடுக்க இன்ன பிறப்பில் பிறந்தவர்தான் வர வேண்டும் என்ற விதி நம் நாட்டில்தான் இருக்கிறது.

மதராஸுக்கு வருவோம். பாதாள சாக்கடை வருவதற்கு முன் வீடுகளின் பின்புறம் எடுப்புக் கக்கூஸ் இருந்தது. கக்கூஸ் என்ற சொல்லே டச்சுக்காரர்கள் விட்டுச்சென்றது. அதைச் சுத்தம் செய்பவர் முன்வாசல் வழியாக வரக்கூடாது என்பதற்காகவே பழைய நகரப் பகுதிகளில் வீடுகளுக்குப் பின்னால் சந்து விட்டார்கள். தீண்டாமையை வரைபடத்திலேயே போட்டுக் கட்டிய நகரங்கள் இவை. பிறகு 1910-ஐ ஒட்டி நகருக்கான பாதாள சாக்கடைத் திட்டம் வடிவமைக்கப்பட்டது. 1961-ல் 6.6 லட்சம் பேர் இருப்பார்கள் என்பது அன்றைய மதிப்பீடு. 1961 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலோ நகரத்தில் 17 லட்சம் பேருக்கு மேல் இருந்தார்கள். கூடவே தண்ணீர்ப் பஞ்சம். குழாயில் தண்ணீர் ஒரு நாள் வரும், ஒரு நாள் வராது. ஓட்டம் குறைந்தால் வேகம் குறையும், வேகம் குறைந்தால் கசடு படியும்.

லண்டனின் குழாயை இறக்குமதி செய்தோம். அந்தக் குழாய் கேட்கும் தண்ணீரையும் இயந்திரத்தையும் பராமரிப்புச் செலவையும் இறக்குமதி செய்யவில்லை. அந்த இடைவெளியைச் சாதியை வைத்து நிரப்பினோம். அருந்ததியர்கள், தெலுங்கு பேசும் ஆதி ஆந்திரர்கள், காட்டுநாயக்கர்கள் என்று எடுப்புக் கக்கூஸுக்கு யாரை நிறுத்தினோமோ, அவர்களையே மேன்ஹோலுக்குள்ளும் இறக்கினோம். வாளி போய் மூங்கில் குச்சி வந்தது. ஆள் மாறவில்லை.

சட்டமும் தாமதமாகத்தான் விழித்தது. கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்த 1993 சட்டத்தின் கவனம் உலர் கழிப்பறைகளோடு நின்றது, பாதாள சாக்கடைக்குள் அது எட்டிப் பார்க்கவில்லை. 2013 சட்டம்தான் சாக்கடையையும் செப்டிக் டேங்கையும் சேர்த்தது. அதன் 7-வது பிரிவு உள்ளாட்சி அமைப்பை மட்டும் சொல்லவில்லை, எந்தத் தனிநபரும் ஆபத்தான முறையில் இவற்றைச் சுத்தம் செய்ய ஆளை அமர்த்தக்கூடாது என்கிறது. அப்படியென்றால் வீட்டு உரிமையாளரும் குற்றவாளிதான். முதல் முறைக்கே 2 ஆண்டுவரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். சாக்கடையில் இறந்தவர்களின் குடும்பத்துக்கு 10 லட்சம் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014-ல் சொன்னது. 2023-ல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. தொகைதான் உயர்கிறது, சாவு நிற்கவில்லை. இந்தச் சாவுகளின் அரசுக் கணக்கில் நீண்ட காலமாக முன்வரிசையில் நிற்கும் மாநிலம், சமூகநீதி பேசும் நம் தமிழ்நாடு.

"விஷவாயு தாக்கித் தொழிலாளர் பலி" என்று செய்தித்தாள்கள் எழுதுகின்றன. வாயு வானத்திலிருந்து வந்ததைப் போல! அடைப்பால் தேங்கிய கழிவு காற்றில்லாமல் அழுகும்போது ஹைட்ரஜன் சல்பைடு உருவாகிறது. முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போகும், நாற்றமே தெரியாது. நாற்றம் இல்லையே என்று நம்பி இறங்குபவர் குச்சியால் கசடைக் கிளறுகிறார், அதற்குள் அடைபட்டிருந்த வாயு மொத்தமாக வெளியேறுகிறது. சில மூச்சுகளில் நினைவு போய்விடும். அவரைத் தூக்க இறங்கும் இன்னொருவரும் விழுகிறார். வாயு கொல்கிறது என்பது உண்மைதான். அது உருவாகக் காரணமான அடைப்பு ஏதோ ஒரு வீட்டின் சிங்க்கில் தொடங்கியது என்பதும் உண்மை.

களப்பணியில் தூய்மைப் பணியாளர்களிடம், "உள்ளேயிருந்து என்னவெல்லாம் வரும்?" என்று கேட்டிருக்கிறேன். நாப்கின், கிழிந்த துணி, ஷாம்பு பாக்கெட், முடிக்கற்றை, சோறு, மணல், வெள்ளையாக உறைந்த எண்ணெய் என்று விரல் விட்டு எண்ணுவார்கள். இதில் ஒன்றுகூடச் சாக்கடைக்குள் போக வேண்டிய பொருள் அல்ல.

தடுப்பதும் கடினமல்ல. சிங்க்கிலும் குளியலறையிலும் சல்லடை போடுங்கள், அதில் சேரும் சோற்றையும் முடியையும் எடுத்துக் குப்பையில் போடுங்கள். எண்ணெய்ச் சட்டியைப் பழைய செய்தித்தாளால் துடைத்துவிட்டுக் கழுவுங்கள். மீந்த எண்ணெயை ஆறவிட்டுப் புட்டியில் சேருங்கள். நாப்கினைத் தனியாகச் சுற்றிக் குப்பையில் சேர்க்க வேண்டும் என்று 2016 திடக்கழிவு விதிகளே சொல்லியிருந்தன. மழைநீர்க் குழாயைப் பாதாள சாக்கடையில் இணைக்காதீர்கள். மழை நாளில் தெருத்தண்ணீர் வடியட்டும் என்று மேன்ஹோல் மூடியைத் திறந்துவிடாதீர்கள், தெரு மணலெல்லாம் உள்ளே போகும். அடைப்புக்கு ஆசிட் ஊற்றாதீர்கள். கீழே தேங்கியிருக்கும் கசடோடு அது சேர்ந்தால் அதே விஷவாயு கிளம்பும், அடுத்து வந்து கை வைப்பவரின் தோலும் வெந்துபோகும். செப்டிக் டேங்க் இருந்தால் நிரம்பி வழியும்வரை காத்திருக்காமல் இரண்டு மூன்று ஆண்டுக்கொருமுறை 14420-ஐ அழைத்து லாரியால் உறிஞ்சி எடுக்கச் செய்யுங்கள். இத்தனையையும் வீட்டுப் பெண்களின் தலையில் கட்டிவிடவும் வேண்டாம். சல்லடையைச் சுத்தம் செய்ய ஆண்களுக்கும் கை இருக்கிறது.

"எல்லாவற்றையும் வீட்டுக்காரர்கள் மீது போட்டால் அரசு தப்பித்துவிடாதா?" என்று தோழர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. தப்பிக்க விடக்கூடாது. ஜெட்ராடிங் வண்டியும் அடைப்பெடுக்கும் ரோபோவும் நடைமுறைக்கு வந்த பிறகும் ஒரு மனிதரை உள்ளே இறக்குவது குற்றம், அந்தக் குற்றத்துக்கு ஒப்பந்ததாரரும் அதிகாரியும் சிறைக்குப் போக வேண்டும். இந்தக் கோரிக்கையில் சமரசம் இல்லை. ஆனால் சாதி சட்டப் புத்தகத்தில் மட்டும் குடியிருக்கவில்லை. நான் அசுத்தம் செய்வேன், அதை எடுக்க ஒருவர் பிறந்திருக்கிறார் என்ற எண்ணத்தில் அது தினமும் மூன்று வேளை பாத்திரம் கழுவும் இடத்தில் வாழ்கிறது. தூய்மைப் பணியாளருக்குப் பொங்கலன்று சால்வை போர்த்துவதைவிட, அவர் இறங்க வேண்டிய தேவையையே நம் வீட்டிலிருந்து இல்லாமல் செய்வது பெரிய மரியாதை.

இவ்வளவுக்குப் பிறகும் அடைப்பு வரலாம். வந்தால் "ஆள் கிடைக்குமா?" என்று கேட்காதீர்கள். "வண்டி எப்போது வரும்?" என்று கேளுங்கள். இன்று வராது, நாளைதான் என்றால், அந்த நாற்றத்தோடு ஒரு நாள் காத்திருங்கள். தன் வீட்டு நாற்றத்தைத் தானே ஒரு நாள் பொறுத்துக்கொள்வதால் யாரும் சாகப்போவதில்லை.