நீர்மையும் ஓட்டமும்

அக்கினித் தலமாகிய திருவண்ணாமலையில் இருந்துகொண்டு நீரைப் பற்றி எழுத நேர்ந்தது, ‘பங்குச் சந்தையில் நீர்மை குறைந்தது’ என்று பத்திரிகையில் கண்ட ஒரு வாக்கியத்தால். நீர்மை என்பது நீரின் தன்மையில் தொடங்கி, பழைய நூல்களிலேயே குணம், இயல்பு, நற்பண்பு எனப் பொருள் விரிந்துவிட்ட சொல்லாதலால், சந்தைக்கு நற்குணம் குன்றிற்றோ என்று ஒரு கணம் மயங்கினேன். அதுவும் பொய்யன்று என்பார் உண்டு. கருதப்பட்டதோ, விலையைக் குலைக்காமல் பங்கை உடனே விற்கக்கூடிய வசதி; இதனை 2002-இல் யாகோவ் அமிஹுத் என்னும் ஆராய்ச்சியாளர், ஒரு நாளின் விலைமாற்ற விகிதத்தை அன்றைய வர்த்தகத் தொகையால் வகுத்து அளந்து, எளிதில் விலைபோகாத நியூயார்க் பங்குகள் சராசரியில் அதிக லாபம் தந்திருப்பதைக் காட்டினார். ‘திரவத்தன்மை’ என்போரும் உளர். திரவம் என்னும் வடசொல்லின் தாதுவுக்கு ஓடுதல் என்றே அர்த்தம். பௌர்ணமியன்று தேரடி வீதியில் சொன்ன விலைக்குக் கூடை காலியாகும் மல்லிகையை, மறுநாள் பாதி விலைக்கும் கேட்பாரில்லாதபோது, பூக்காரம்மாள் ‘இன்னைக்கு ஓட்டமில்லே சாமி’ என்கிறாள். 1937-இல் தோன்றிய சென்னைப் பங்குச் சந்தையும் அந்த ஓட்டம் வற்றியே 2015-இல் தொழிலை விட்டு விலகிற்று. ஆகவே, ‘ஓட்டம்’ என்றே எழுதுங்கள், பத்திரிகை நண்பர்களே.