வேலிக்குள் இருந்த முதலுதவி: மௌலா அலியிலிருந்து ஒரு வரலாற்றுக் குறிப்பு

ஹைதராபாத்தின் மௌலா அலி என்றதும் வரலாற்று மாணவர்க்கு நினைவில் எழுவன குன்றின் மீதுள்ள தர்காவும், அடிவாரத்திலுள்ள மஹ் லகா பாயின் கல்லறையும் ஆகும். அவ்வூரிலேயே தென்மத்திய ரயில்வேயின் மண்டலப் பயிற்சி நிலையமும் உள்ளது. கார்டு, நிலைய மேலாளர் போன்றோர் முதலுதவி அறிந்திருக்க வேண்டும் என்பதும், அத்தகுதியைக் குறித்த காலத்தில் புதுப்பிக்க வேண்டும் என்பதும் இந்திய ரயில்வேயின் நெடுநாள் வழக்கம். மருத்துவரல்லாதாரிடம் மருத்துவத்தின் ஒரு பகுதியை ஒப்படைக்கும் இம்முறைக்குத் தனி வரலாறு உண்டு.

1877இல் இங்கிலாந்தில் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் சங்கம் தோன்றியது. மறு ஆண்டு உல்விச்சில் ராணுவ மருத்துவர் பீட்டர் ஷெப்பர்ட், பிரான்சிஸ் டங்கனுடன் இணைந்து பொதுமக்களுக்கு முதலுதவி வகுப்புகளை நடத்தினார். 1879இல் ஜூலுப் போரில் ஷெப்பர்ட் மாண்டார். வகுப்புகளோ சுரங்கம், ரயில்வே, காவல்துறை எனப் பரவின. விபத்து நிகழும் இடத்திற்கும் மருத்துவமனைக்கும் இடையே இருந்த தொலைவே அதற்குக் காரணம். அம்மரபு இந்தியாவிற்கும் வந்தது. ஆயினும் பணியிடத்தில் வேரூன்றிய அவ்வறிவு பெரும்பாலும் பணியாளரிடமே தங்கியது.

1960இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர் கௌவென்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர் ஆகியோர், மார்பைத் திறவாமலே வெளியிலிருந்து அழுத்தி இரத்த ஓட்டத்தைத் தக்கவைக்கலாம் என்று காட்டினர். கருவி வேண்டியதில்லை, இரு கைகள் போதும். 1972இல் சியாட்டில் நகரம் சி.பி.ஆர். பயிற்சியைப் பொதுமக்களுக்குப் பெருமளவில் அளிக்கத் தொடங்கியது. முதலுதவி பணியிடத்தைக் கடந்து தெருவிற்கு வந்தது.

2005 ஆகஸ்ட் 15 அன்று ஹைதராபாத்தில் 108 சேவை தொடங்கியது. எனினும் இதயம் நின்றபின் சி.பி.ஆர். இன்றிக் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பை ஏறத்தாழ 7 முதல் 10 விழுக்காடு குறைக்கிறது. வாகனம் வரும்வரை உள்ள இடைவெளியை அருகில் நிற்பவரே நிரப்ப வேண்டும். அவரைத் தடுத்தவற்றுள் காவல் விசாரணை பற்றிய அச்சமும் ஒன்று. 2016இல் உச்ச நீதிமன்றம் உதவுவோரைக் காக்கும் நெறிமுறைகளுக்குச் சட்ட வலிமை அளித்தது. 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் 134அ பிரிவைச் சேர்த்தது. அப்பிரிவு வாகன விபத்துகளுக்கே உரியது. வீட்டிலோ தர்காவின் படிகளிலோ சரிந்து விழுபவருக்கு உதவுவோர் அதன் வரம்பிற்குள் வாரார்.

2023இல் தெலங்கானா அரசு சி.பி.ஆர். பயிற்சியை விரிவாகத் தொடங்கியது. ஒருநாள் பயிற்சியில் கற்ற திறன் சில மாதங்களிலேயே மங்கத் தொடங்கும். ரயில்வே மரபின் வலிமை கற்பித்ததில் மட்டும் இல்லை. கற்றவரின் பெயரைப் பதிவேட்டில் வைத்து மீண்டும் அழைத்ததில் இருந்தது. மௌலா அலியின் குடியிருப்புத் தெருக்கள் ரயில்வே வேலிக்குள்ளிருந்து பெறவேண்டியது அப்பதிவேட்டையே.