மெக்காலே அன்று எங்கே இருந்தார்?



நம் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி ஓயாமல் சுற்றுகிறது. 1835 பிப்ரவரி 2 அன்று மெக்காலே இங்கிலாந்து நாடாளுமன்றத்தில் பேசினாராம். இந்தியா முழுக்கச் சுற்றியும் ஒரு பிச்சைக்காரனையோ திருடனையோ பார்க்கவில்லை, இவர்களுடைய கல்வியை மாற்றினால்தான் இவர்களை அடக்க முடியும் என்றாராம்.

இது பொய் என்று நான் சொன்னால், "சார் சொல்லிட்டார்" என்று நம்பிவிடுவீர்கள். அதுவும் ஃபார்வர்டை நம்புவது மாதிரிதான். நீங்களே சோதித்துப் பாருங்கள்.

முதல் கேள்வி: அன்று அவர் எங்கே இருந்தார்? 1834 பிப்ரவரியில் கப்பலேறி, ஜூனில் நம் சென்னையில் வந்து இறங்கினார். ஊட்டிக்குப் போய் கவர்னர் ஜெனரல் பெண்டிங்கைப் பார்த்தார். பிறகு கல்கத்தா சென்றார். ஊர் திரும்பியது 1838இல்தான். அப்படியிருக்க, 1835இல் லண்டனில் எப்படிப் பேசியிருப்பார்?

இரண்டாவது: அந்தத் தேதி எங்கிருந்து வந்தது? அது உண்மையான தேதிதான். அன்றுதான் கல்வி பற்றிய தன் புகழ்பெற்ற குறிப்பை அவர் எழுதினார். பொய்க்கு உண்மையின் சட்டையை மாட்டிவிட்டார்கள்.

மூன்றாவது: அந்தக் குறிப்பில் என்ன இருக்கிறது? புகழ்ச்சி இல்லை. நல்ல ஐரோப்பிய நூலகத்தின் ஒரே ஒரு தட்டுக்கு, இந்திய, அரேபிய இலக்கியம் முழுவதும் ஈடாகாது என்ற பொருளில் எழுதினார். சமஸ்கிருதமும் அரபியும் தனக்குத் தெரியாது என்று அதே குறிப்பில் சொல்லிக்கொண்டே! இப்படி எழுதியவரா நம்மை மெச்சியிருப்பார்?

நான்காவது கேள்விதான் முக்கியம்: பிச்சைக்காரரே இல்லாத நாடா அது? அவர் சென்னையில் இறங்குவதற்குச் சற்று முன், 1832-33இல், இதே சென்னை மாகாணத்தின் குண்டூர்ப் பகுதியில் கொடும் பஞ்சம். லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அந்தச் செய்தியை நாம் அனுப்பும் ஒவ்வொரு முறையும், பசியால் செத்த அந்த மக்களை வரலாற்றிலிருந்து அழிக்கிறோம். கம்பெனி ஆட்சியின் உண்மையான குற்றமும் சேர்ந்தே மறைந்துபோகிறது.

நம்மைத் திட்டும் செய்தி வந்தால் நாலு பேரிடம் விசாரிக்கிறோம். புகழும் செய்தி வந்தால் விசாரிக்காமல் அனுப்பிவிடுகிறோம். பொய் நுழைவது அந்த வாசல் வழியாகத்தான்.

அடுத்த முறை அது வந்தால், அனுப்பிய மாமாவையோ சித்தியையோ கேலி செய்யாதீர்கள். "அன்னைக்கு அவர் எங்கே இருந்தார்?" என்று மட்டும் பணிவாகக் கேளுங்கள். இந்தப் பதிவையும் அதே கேள்விகளால் சோதியுங்கள். அதைத்தான் நான் பெருமையாக நினைப்பேன்.