பேருந்து கேட்ட போதகர்

ஒடுக்கப்பட்ட மக்கள் எந்நாட்டவராயினும், அவர்தம் விடுதலை வரலாற்றில் கல்விக்கென்று தனியொரு அத்தியாயம் உண்டு. அமெரிக்கக் கறுப்பின மக்களின் போராட்டத்தை அண்ணல் அம்பேத்கர் உன்னிப்பாகக் கவனித்து வந்தார். 1946ஆம் ஆண்டில் அம்மக்களின் அறிஞர் டூபாய்சுக்கு அவர் மடல் எழுதியதை நாம் அறிவோம். அந்நாட்டில் கல்வி உரிமைக்காகத் தம் வீட்டையும் ஊரையும் இழந்த போதகர் ஒருவரின் வரலாற்றை இவ்வெள்ளி விழா மலரில் நினைவுகூர்வது பொருத்தமென்று கருதுகிறோம்.

அவர் பெயர் ஜோசப் ஆம்ஸ்ட்ராங் டிலேன். 1898இல் தென் கரோலினா மாநிலத்தின் கிளாரண்டன் மாவட்டத்தில் பிறந்தார். ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோபல் திருச்சபையின் போதகராகவும் பள்ளி ஆசிரியராகவும் பணியாற்றினார். பருத்தி வயல்கள் நிறைந்த அம்மாவட்டத்தில் கறுப்பின மக்களே பெரும்பான்மையர். நிலமும் கடையும் வங்கியும் பள்ளி வாரியமும் வெள்ளையர் கையில் இருந்தன. வெள்ளைப் பிள்ளைகளுக்கு முப்பது பேருந்துகள் ஓடின. கறுப்புப் பிள்ளைகளுக்கு ஒன்றுகூட இல்லை. 1949-50ஆம் ஆண்டில் வெள்ளை மாணவர் ஒருவருக்கு 179 டாலரும், கறுப்பு மாணவர் ஒருவருக்கு 43 டாலரும் செலவிடப்பட்டன. ஒன்பது மைல் வரை நடந்து பள்ளி சேர்ந்த பிள்ளைகளும் இருந்தனர்.

1947இல் டிலேன் பெற்றோரைத் திரட்டினார். முதலில் கேட்டது ஒரே ஒரு பேருந்து. வாரியம் மறுத்தது. பெற்றோர் தம் கைப்பொருளைச் சேர்த்துப் பழைய பேருந்து ஒன்றை வாங்கினர். அது அடிக்கடி பழுதாகி நின்றது. எரிபொருளுக்கேனும் உதவுக என்று வேண்டியபோதும் கை விரித்தனர். எனவே 1948இல் லீவை பியர்சன் என்னும் உழவர் வழக்குத் தொடுத்தார். அவர் நிலம் பள்ளி எல்லைக் கோட்டின் இருபுறமும் கிடந்ததைக் காட்டி அவ்வழக்கைத் தள்ளிவிட்டனர். அதன்பின் அவருக்குக் கடன் கிடைக்கவில்லை. விளைந்ததை அறுக்க இயந்திரமும் கிடைக்கவில்லை.

1949 மார்ச்சில் வழக்கறிஞர் தர்குட் மார்ஷலை டிலேன் சந்தித்தார். இருபது பேரேனும் கையொப்பமிட்டால்தான் வழக்கு நடத்த இயலும் என்றார் மார்ஷல். அவ்வளவு பேரைச் சேர்க்க எட்டு மாதங்கள் ஆயின என்பதிலிருந்தே அங்கு நிலவிய அச்சத்தை உணரலாம். கூட்டங்கள் தேவாலயங்களில் நடைபெற்றன. நவம்பரில் மனு அளிக்கப்பட்டது. முதற்பெயராக நின்ற ஹாரி பிரிக்ஸ் கடற்படையில் பணிபுரிந்து திரும்பியவர். அவர் வேலை பறிக்கப்பட்டது; பின்னர் அவர் மனைவி எலைசாவின் வேலையும் பறிபோயிற்று. டிலேனும் அவர் துணைவியாரும் ஆசிரியப் பணியை இழந்தனர். சம்மர்டனில் இருந்த அவர் வீடு தீக்கிரையாயிற்று. வீடு ஊர் எல்லைக்கு அப்பால் உள்ளதென்று கூறித் தீயணைப்புப் படையினர் வாளாவிருந்தனர்.

ஆயினும் வழக்கு நிற்கவில்லை. சமவசதி கேட்ட மனு, நீதிபதி வேரிங் தூண்டியதன்பேரில், பிரிவினைப் பள்ளி முறையையே எதிர்க்கும் வழக்காக மாற்றி எழுதப்பட்டது. 1951 மே மாதம் சார்ல்ஸ்டன் நகரில் மூன்று நீதிபதிகள் விசாரித்தனர். இருவர் பிரிவினையை ஏற்றனர். வேரிங் ஒருவரே மாறுபட்டு, பிரிவினையே ஏற்றத்தாழ்வு என்று எழுதினார். மேல்முறையீட்டில் இவ்வழக்கு பிரௌன் வழக்கோடு இணைக்கப்பட்டது. 1954 மே 17 அன்று உச்சநீதிமன்றம் பொதுப் பள்ளிகளில் நிறப்பிரிவினை செல்லாதெனத் தீர்ப்பளித்தது.

தீர்ப்பு வந்தும் டிலேனுக்கு அமைதி வரவில்லை. திருச்சபை அவரை லேக் சிட்டிக்கு மாற்றியிருந்தது. 1955 அக்டோபரில் அங்கிருந்த அவர் தேவாலயம் எரிக்கப்பட்டது. சில நாட்களில் அவர் இல்லத்தின்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. வந்த வாகனத்தை அடையாளம் காட்டத் தாமும் சுட்டார். அதற்காக அவர்மீதே பிடியாணை பிறந்தது. நியூயார்க் சென்று தங்கிய அவரை அம்மாநிலம் ஒப்படைக்க மறுத்தது. தென் கரோலினாவில் குடியேற முடியாமலேயே 1974இல் மறைந்தார். பிடியாணை நீங்கியது 2000ஆம் ஆண்டில்தான். பின்னர் அவருக்கும் பியர்சனுக்கும் பிரிக்ஸ் தம்பதியர்க்கும் அமெரிக்க நாடாளுமன்றம் தங்கப் பதக்கம் வழங்கிச் சிறப்பித்தது. அப்போது நால்வரும் உயிருடன் இல்லை.

இவ்வரலாற்றில் நாம் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. கூலியும் கடனும் வெள்ளையரிடம் இருந்த ஊரில், கறுப்பின மக்களுக்கென்று சொந்தமாய் இருந்த கூடம் தேவாலயம் ஒன்றே. ஆசிரியப் பணியைப் பறிக்க முடிந்தவர்களால் போதகப் பணியைப் பறிக்க முடியவில்லை. அது அவர்தம் மக்கள் அளித்த பணி. பிறர் தயவில் நிற்கும் இடத்திலிருந்து உரிமைக்குரல் நெடுநாள் ஒலிப்பதில்லை. கல்விச் சங்கங்கள் தமக்கென ஒரு கட்டடமும் தம் மக்கள் தரும் சிறு நிதியும் வேண்டுமென்று வற்புறுத்துவது இதனால்தான்.

பிரிக்ஸ் குடும்பம் போன்றோர் இழந்தவற்றின் பயனைப் பிறர் பிள்ளைகளே பெரிதும் துய்த்தனர். தீர்ப்புக்குப் பின்னும் பல ஆண்டுகள் சம்மர்டன் பள்ளிகள் பிரிந்தே இருந்தன. இதை அறிந்தும் கையொப்பமிட்ட அப்பெற்றோரை நம் இளைஞர் மறவாதிருப்பாராக. இன்று பேருந்தேறிப் பள்ளி செல்லும் நம் பிள்ளைகளுக்கு, ஒரு பேருந்துக்காகத் தொடங்கிய இப்போராட்டத்தை எடுத்துரைப்பது நம் கடமையாகும்.