துவர்ப்பு போகும் வழி

பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராக நிற்கிற கோகோ மரத்தைப் பலரும் பார்த்திருப்பார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி 1798இல் குற்றாலத்தில் நட்டதுதான் இந்தியாவில் இதன் தொடக்கம். காயை உடைத்தால் உள்ளே வெள்ளைச் சதை, புளிப்பும் இனிப்புமாக நன்றாகவே இருக்கும். அதைச் சப்பிவிட்டு விதையைக் கடித்தால் நாக்கு இழுத்துக்கொள்ளும். ஒரே துவர்ப்பு. சாக்லேட் வாசம் துளியும் இருக்காது.

அந்தத் துவர்ப்புக்குப் பின்னால் இருக்கும் மூலக்கூறின் பெயர் எபிகேட்டசின். 15 கார்பன், 14 ஹைட்ரஜன், 6 ஆக்சிஜன் அணுக்கள் சேர்ந்தது. பாலிஃபீனால் என்ற பெரிய குடும்பத்தில் ஃபிளேவனால் என்ற கிளையைச் சேர்ந்தது. விதைக்குள் தனியாகவும் இருக்கும், ஒன்றோடொன்று கோத்துச் சங்கிலியாகவும் இருக்கும். அந்தச் சங்கிலிகள் எச்சிலில் உள்ள புரதத்தைப் பற்றிக்கொள்வதால்தான் வாய் வறண்டு சுருங்குகிறது. விதையைத் தின்ன வரும் பூச்சிக்கும் விலங்குக்கும் மரம் சொல்கிற எச்சரிக்கை அது. அந்த எச்சரிக்கையை நீக்குவதற்காகவே மனிதர்கள் ஒரு தொழிலை உருவாக்கினார்கள். இன்று அதே பொருளைக் காப்ஸ்யூலில் அடைத்து விற்கிறார்கள்.

முதல் இழப்பு நொதிக்க வைக்கும் இடத்திலேயே தொடங்கிவிடுகிறது. சதையோடு விதைகளைப் பெட்டியிலோ கூடையிலோ குவித்து வாழையிலையால் மூடி ஐந்தாறு நாள் விடுவார்கள். முதலில் ஈஸ்ட் சர்க்கரையைச் சாராயமாக்கும், பிறகு பாக்டீரியாக்கள் சாராயத்தை அசிட்டிக் அமிலமாக்கும். குவியலுக்குள் சூடு ஏறக்குறைய 50 டிகிரியைத் தொடும். விதை செத்துப்போகும். செல் சுவர்கள் உடைந்து, அதுவரை தனித்தனி அறைகளில் இருந்த நொதியும் பாலிஃபீனாலும் ஒன்றையொன்று சந்திக்கும். ஊதா நிறம் போய்ப் பழுப்பு வரும். வாழைப்பூவை நறுக்கியதும் மோரில் போடாவிட்டால் கறுத்துப்போவது இதே வேதிவினையால்தான். சாக்லேட்டின் மணத்துக்கு வேண்டிய மூலப்பொருள்கள் பிறப்பது இங்கே. எபிகேட்டசின் பெருமளவு அழிவதும் இங்கேதான். ஒன்று வேண்டுமென்றால் மற்றதை விட்டுக்கொடுக்க வேண்டும்.

வெயிலில் காய்ந்து மூட்டையில் ஏறிய விதை அடுத்து வறுக்கப்படுகிறது. வறுக்கும் சூட்டில் எபிகேட்டசின் சிதைவதோடு, மிஞ்சியதில் ஒரு பகுதி வடிவம் மாறி வேறொரு கேட்டசினாக ஆகிவிடுகிறது. அணுக்களின் எண்ணிக்கை அதேதான். ஆனால் குடல் அதைச் சரியாக உறிஞ்சுவதில்லை.

கடைசி அடி ஹாலந்திலிருந்து வந்தது. ஆம்ஸ்டர்டாமின் வான் ஹூட்டன் குடும்பம் 1828இல் கோகோவைப் பிழிந்து கொழுப்பைப் பிரிக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றது. தொடர்ந்து, கோகோவை ஆல்கலி எனப்படும் காரத்தில் ஊறவைக்கும் வழக்கமும் வந்தது. தூள் கறுத்து, பாலில் நன்றாகக் கலந்து, துவர்ப்பு அடங்கி, உலகம் முழுக்க அதுவே பழகிவிட்டது. இதன் விலையை 2008இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அளந்து பார்த்தார்கள். காரம் படாத கோகோத் தூளில் கிராமுக்குச் சராசரியாக 34.6 மில்லிகிராம் ஃபிளேவனால் இருந்தது. லேசாகக் காரம் பட்டதில் 13.8. நன்றாகக் காரம் பட்டதில் 3.9. கேக் கடையில் கருகருவென்று இருக்கும் தூளைப் பார்த்து 'நல்ல சரக்கு' என்று நினைக்கிறவர்கள் இந்த எண்களை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

இழந்தது வெறும் துவர்ப்பு மட்டும்தானா என்று கேட்க வைத்தவர்கள், பனாமாவின் கரீபியன் கரையோரம் சான் பிளாஸ் தீவுகளில் வாழும் குனா பழங்குடியினர். அவர்களில் வயது ஏறினாலும் ரத்த அழுத்தம் ஏறுவதில்லை என்று 1944லேயே ஒரு மருத்துவர் எழுதிவைத்தார். அரை நூற்றாண்டு கழித்து, பாஸ்டனில் ஹார்வர்ட் மருத்துவப் பேராசிரியராக இருந்த நார்மன் ஹோலன்பெர்க் அங்கே போனார். அவர் தேடிப் போனது ஒரு மரபணுவை. ஆனால் தீவை விட்டுப் பனாமா நகரத்துக்குக் குடிபெயர்ந்த குனாக்களுக்கு எல்லாரையும்போல ரத்த அழுத்தம் ஏறியிருந்தது. 1997இல் வெளியான அவருடைய கணக்கில் உயர் ரத்த அழுத்தம் தீவில் 2.2 சதவீதம், நகரத்தில் 10.7 சதவீதம். மரபணு விளக்கம் அங்கேயே விழுந்தது. உப்பும் காரணமாக இருக்க முடியாது, தீவுக்காரர்கள் உப்பைக் குறைவாகச் சாப்பிடவில்லை. மிஞ்சியது சாப்பாட்டில் இருந்த வேறுபாடு. அதில் கண்ணில் பட்டது, நாள் முழுக்க அவர்கள் குடித்த கோகோ பானம். நகரத்துக் குனாக்களைவிடத் தீவுக்காரர்கள் சுமார் பத்து மடங்கு கோகோ குடித்தார்கள். மீனும் பழமும்கூட அதிகம் சாப்பிட்டார்கள் என்பதைச் சாக்லேட் விளம்பரங்கள் வசதியாக விட்டுவிடும்.

கோகோ ரத்தக்குழாயை என்ன செய்யும் என்று கேட்க வேண்டுமென்றால், ரத்தக்குழாய் எப்படி விரிகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். நியூயார்க்கின் புரூக்ளினில் ராபர்ட் ஃபர்ச்காட் முயலின் பெருந்தமனித் துண்டுகளை வைத்துப் பல ஆண்டு சோதனை செய்துகொண்டிருந்தார். அசிட்டைல்கோலின் என்ற பொருள் பட்டால் சில துண்டுகள் தளரும், சில சுருங்கும். காரணம் பிடிபட்டபோது எளிமையாக இருந்தது: சுருங்கியவற்றில், துண்டைத் தயாரிக்கும்போது உட்புறம் தேய்ந்துபோயிருந்தது. குழாயின் உள்ளே ஒரே ஒரு செல் கனத்துக்குப் படர்ந்திருக்கும் எண்டோதீலியம் என்ற அடுக்குதான் தளர்வதற்கான செய்தியைத் தசைக்கு அனுப்புகிறது. 1980இல் இதை அறிவித்தார். அந்தச் செய்தியாள் நைட்ரிக் ஆக்ஸைடு என்ற வாயு என்பது அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் உறுதியானது. ஃபர்ச்காட், லூயி இக்னாரோ, ஃபெரிட் முராட் மூவருக்கும் 1998இல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்த இரண்டு கதைகளும் 2003இல் சேர்ந்தன. ஹோலன்பெர்க்கின் குழு, நலமாக இருந்த சிலருக்கு ஃபிளேவனால் நிறைந்த கோகோவை ஐந்து நாள் கொடுத்தது. விரல்களில் ரத்த ஓட்டம் கூடியது. நைட்ரிக் ஆக்ஸைடு உண்டாவதைத் தடுக்கும் மருந்தைச் செலுத்தியதும் கூடியது மறைந்தது. 2006இல் ஜெர்மனியின் டுஸ்ஸல்டார்ஃப், கலிஃபோர்னியாவின் டேவிஸ் ஆய்வாளர்கள் மார்ஸ் சாக்லேட் நிறுவன விஞ்ஞானிகளோடு சேர்ந்து, கோகோவே இல்லாமல் தூய எபிகேட்டசினை மட்டும் மிகச் சிலருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தக்குழாய் அப்போதும் விரிந்தது. நம் மூலக்கூறுக்கு முதன்முறையாகத் தனியாக ஓர் அடையாள அட்டை கிடைத்தது அன்றைக்குத்தான்.

அதற்குள் சந்தையில் 'ஆன்டி ஆக்ஸிடன்ட்' என்ற சொல் தீப்பிடித்துப் பரவியிருந்தது. பாலிஃபீனால் ரத்தத்தில் ஓடி ஓடி ஆக்ஸிஜன் ஃப்ரீ ராடிக்கல்களைப் பிடித்து அழிக்கிறது என்பது கதை. சோதனைக் குழாயில் அது உண்மை. உடலுக்குள் நடப்பது வேறு. விழுங்கிய எபிகேட்டசின் சிறுகுடலின் சுவரையும் ஈரலையும் தாண்டும்போதே அதன் மேல் கந்தக, குளுக்குரோனிக் அமிலக் குழுக்கள் ஒட்டப்படுகின்றன. கதிரியக்கக் கார்பனால் குறியிட்ட எபிகேட்டசினை எட்டு ஆண்களுக்குக் கொடுத்து 2016இல் ஓர் ஆய்வு அதைப் பின்தொடர்ந்தது. ஏறக்குறைய 80 சதவீதம் உடலுக்குள் போனது உண்மைதான். ஆனால் அதில் பெரும்பகுதியைப் பெருங்குடல் பாக்டீரியாக்கள் முதலில் உடைத்து, வேலரோலாக்டோன் போன்ற சிறு துண்டுகளாக்கிய பிறகே உடல் எடுத்துக்கொண்டது. எபிகேட்டசின் வடிவம் மாறாமல் ரத்தத்தில் சுற்றுவது மிகக் கொஞ்சம்.

அளவைப் பாருங்கள். கோகோ குடித்த ஒரு மணி நேரத்தில் இந்த வகைப் பொருள்கள் உச்சத்துக்கு வரும்போதும் லிட்டருக்கு ஒரு மைக்ரோமோல் அளவுதான். வைட்டமின் சி சாதாரணமாகவே சுமார் 50 இருக்கும். யூரிக் அமிலம் சில நூறு. இவ்வளவு பெரிய கூட்டத்தில் அந்த ஒன்று போய் எதைத் தனியாக அழிக்கும்? அமெரிக்காவின் லைனஸ் பாலிங் நிறுவனத்தில் பால்ஸ் ஃப்ரை குழு ஆப்பிள் சாப்பிட்டவர்களின் ரத்தத்தைச் சோதித்தது. ஆன்டி ஆக்ஸிடன்ட் திறன் கூடியிருந்தது. காரணம் பாலிஃபீனால் இல்லை, பழத்தின் ஃபிரக்டோஸ் யூரிக் அமிலத்தை ஏற்றிவிட்டிருந்தது. உணவுப் பொருள்களின் ஆன்டி ஆக்ஸிடன்ட் திறனுக்கு 'ஓராக்' என்ற மதிப்பெண் போட்டு வைத்திருந்த அமெரிக்க வேளாண்மைத் துறை 2012இல் அந்தப் பட்டியலையே விலக்கிக்கொண்டது. துவர்ப்பும் பாலிஃபீனாலும் இருந்தாலே நல்லது என்றால், வெற்றிலையோடு போடும் கொட்டைப்பாக்கும் நல்லதாகியிருக்க வேண்டும். அதிலும் கேட்டசின் தாராளம், ஆனால் பாக்கு வாய்ப்புற்றுநோயைக் கொண்டுவருகிறது.

அப்படியானால் எபிகேட்டசின் செய்வது என்ன? எண்டோதீலியத்தில் சூப்பராக்ஸைடை உண்டாக்கும் ஒரு நொதியை அதன் மாறிய வடிவங்கள் அடக்குவதாகச் செல் ஆய்வுகள் காட்டின. சூப்பராக்ஸைடு குறைந்தால் நைட்ரிக் ஆக்ஸைடு வீணாகாமல் நீடிக்கும், குழாய் தளரும். கொஞ்சமே போதுமான சமிக்ஞை வேலை இது. எனக்கு நம்பத்தகுந்ததாகப் படுவது இந்த விளக்கம்தான்.

வாழைப்பழ மில்க்‌ஷேக் பிரியர்களுக்கு ஒரு தகவல். 2023இல் வெளியான ஆய்வில், வாழைப்பழம் சேர்த்து அடித்த ஸ்மூத்தி குடித்தவர்களின் உடலில் ஃபிளேவனால் அளவு 84 சதவீதம் குறைந்தது. வாழைப்பூவைக் கறுக்க வைக்கும் அதே நொதிதான். மிக்ஸிக்குள் மட்டும் அது நின்றுவிடுவதில்லை, வயிற்றுக்குள் போயும் வேலையைத் தொடர்கிறது.

ரத்தக்குழாய் விரிவது ஒன்று, உயிர் பிழைப்பது இன்னொன்று. அதைக் கேட்ட பெரிய சோதனை அமெரிக்காவின் காஸ்மோஸ். 60 வயது கடந்த ஆண்களும் 65 கடந்த பெண்களுமாக 21,442 பேர். ஒரு பாதிக்கு நாள்தோறும் 80 மில்லிகிராம் எபிகேட்டசின் உட்பட 500 மில்லிகிராம் கோகோ ஃபிளேவனால், மறுபாதிக்கு வெற்றுக் காப்ஸ்யூல். 2022இல் வந்த முடிவு: மாரடைப்பு, பக்கவாதம் முதலிய மொத்த இதயநோய்கள் 10 சதவீதம் குறைந்தன, ஆனால் தற்செயல் என்று ஒதுக்க முடியாத அளவுக்கு அல்ல. இதயநோய் மரணம் 27 சதவீதம் குறைந்தது, ஆனால் அது சோதனையின் முதன்மைக் கேள்வி இல்லை. முதன்மைக் கேள்வியில் தோற்றுத் துணைக் கேள்வியில் ஜெயித்ததை வெற்றி என்று எழுதிய பத்திரிகைகள் உண்டு. செலவில் மார்ஸின் பணம் இருந்தது, காப்ஸ்யூலும் அவர்களுடையது. அதனால் முடிவு பொய்யாகிவிடாது, கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டியதாகிறது.

35 சோதனைகளைத் திரட்டிப் பார்த்த 2017ஆம் ஆண்டு காக்ரேன் மதிப்பாய்வில் கோகோவால் ரத்த அழுத்தம் குறைந்தது ஏறக்குறைய 2 புள்ளி. அமெரிக்க உணவியலாளர் சங்கம் 2022இல் நாளுக்கு 400 முதல் 600 மில்லிகிராம் ஃபிளேவனால் நல்லது என்றபோது, மாத்திரையாக வேண்டாம், தேநீர், ஆப்பிள், திராட்சை போன்ற உணவாகவே எடுங்கள் என்றது. சாக்லேட்டோடு வரும் சர்க்கரையும் கொழுப்பும் கணக்கில் உண்டு. ரத்த அழுத்தத்துக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் கோகோவை நம்பி அதை நிறுத்திவிட வேண்டாம். கோகோ பிடிக்கும் என்பவர்கள் டப்பாவின் பின்பக்கத்தைத் திருப்பி, காரம் சேர்த்ததற்கு அடையாளமான 500, 501 எண்கள் இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள்.