மண்ணில் புதையாத தூண்கள்

2005ஆம் ஆண்டு மார்ச் 28ஆம் நாளிரவு. மலேசிய நேரப்படி நள்ளிரவு கடந்து சில நிமிடங்களே ஆகியிருந்தன. பினாங்கிலும் கோலாலம்பூரிலும் அடுக்குமாடிகளில் உறங்கியோர் பலர், கட்டில் ஆடக்கண்டு குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினர். ஆழிப்பேரலை வந்து மூன்று மாதமே கழிந்திருந்ததால் அச்சம் பன்மடங்காயிற்று. சுமத்ராவுக்கு மேற்கே நியாஸ் தீவினருகில் 8.6 அளவில் நிலம் நடுங்கியிருந்தது. அத்தீவின் குனோங்சித்தோலி நகரில் காங்கிரீட் கட்டடங்கள் சரிந்து, உறங்கியோர் மேலேயே விழுந்தன. ஆனால் தீவின் பழைய மரவீடுகளில் பல நின்றன. சில சாய்ந்தன, சில கற்களைவிட்டு நழுவின. ஆயினும் உள்ளிருந்தோரை அவை நசுக்கவில்லை.

நியாஸ் மக்கள் வேறு, பாத்தாக் மக்கள் வேறு. நியாஸ் வீட்டின் அடியில் சாய்வான முட்டுக்கால்கள் நிறைந்திருக்கும். தோபா பாத்தாக் வீட்டை நிறுத்துவது வேறு முறை. விடுமுறையில் மேடான் வழியாகத் தோபா ஏரிக்குச் சென்றுவந்த பெற்றோர், தோமோக்கிலும் அம்பாரித்தாவிலும் அவ்வீடுகளின் முன்னின்று படமெடுத்திருப்பார்கள். நம் கண்ணெல்லாம் படகுபோல் வளைந்த கூரையிலும், செம்மை, வெண்மை, கருமை தீட்டிய கோர்கா செதுக்கல்களிலுமே நிற்கும். குனிந்து அடியைப் பார்ப்பவர் சிலரே. இக்கட்டுரையின் பொருள் அங்கேதான் உள்ளது.

முதலில் அந்த நிலத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். தோபா ஏரியே ஏறத்தாழ 74,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்த எரிமலையின் குழி. அதன் மேற்குப் புறமாகச் சுமத்ராவின் முதுகெலும்புபோல் ஒரு நிலப்பிளவு, தீவின் நீளம் முழுதும் சுமார் 1,900 கிலோமீட்டர் ஓடுகிறது. 1892 மே 17ஆம் நாள் அப்பிளவு தாப்பானூலிப் பகுதியில் அசைந்தது. (தமிழ் வணிகர் 1088இல் கல்வெட்டு நாட்டிய பாருஸ் துறை இப்பகுதியின் கடற்கரையில்தான் உள்ளது.) அப்போது அங்கே முல்லர் என்னும் டச்சு நில அளவையாளர் பணியாற்றிக்கொண்டிருந்தார். நிலத்தை அளக்க நாட்டிய தூண்களை அவர் மறுபடி அளந்தபோது, அவை பழைய இடத்தில் இல்லை. ஒரு மீட்டருக்கும் மேலாக இடம்பெயர்ந்திருந்தன. நிலம் நெடுங்காலம் முறுகி, பின் திடுமென விடுபடுவதே நிலநடுக்கம் என்று கூறிய அமெரிக்க அறிஞர் ரீட், 1913இல் இவ்வளவைகளை ஆராய்ந்து எழுதினார். ஆக, உலக நிலநடுக்க அறிவியலில் பாத்தாக் நாட்டுக்கும் ஓர் இடமுண்டு. நம் பாடநூல்களில் இச்செய்தியைக் காணோம்.

அத்தகைய மண்ணின்மேல் நிற்கும் வீட்டின் தூண்கள் மண்ணில் புதைக்கப்படவில்லை. ஒவ்வொன்றும் தட்டையான கல்லின்மேல் வெறுமனே நிற்கிறது. நிலம் கடுமையாக ஆடும்போது தூணின் அடி கல்மேல் சிறிது நழுவலாம்; அதனால் நிலத்தின் ஆட்டம் முழுவதும் வீட்டுக்குள் ஏறுவதில்லை. தூண்களைத் துளைத்து, அவற்றினூடே கனத்த குறுக்குச்சட்டங்கள் பல அடுக்காகச் செல்கின்றன. இவையே தூண்கள் தனித்தனியே சாயாதவாறு ஒரு கூண்டாகப் பிணைப்பவை. ஆணி கிடையாது. துளையில் கழுந்தைச் செருகி ஆப்படித்து இறுக்குவர். வேண்டிய இடத்தில் கயிற்றால் கட்டுவர். ஆட்டத்தின்போது இப்பொருத்துகள் உரசிக் கிறீச்சிடும். அந்த உராய்வில்தான் நடுக்கத்தின் ஆற்றலில் ஒரு பகுதி தேய்ந்துபோகிறது. ஆணியடித்து இறுக்கிய மூட்டு பிளந்துவிடக்கூடும். ஆப்பு தளர்ந்தால் மறுபடி அடித்துக்கொள்ளலாம்.

எடையும் முக்கியம். நிலம் ஆட்டும்போது கட்டடத்தின்மேல் விழும் விசை அதன் எடையைப் பொறுத்தது. இங்கே செங்கற்சுவர் இல்லை, ஓடு இல்லை. கூரை, மலாய்மொழியில் ஏனாவ் எனப்படும் பனையின் கருநாரால் வேயப்பட்டது. இடிந்து விழுந்தாலும் கல்மலைபோல் மூடாது.

இவ்விடத்தில் நம்மவர் சிலர், "பார்த்தீர்களா, முன்னோர் எல்லா அறிவியலையும் அறிந்திருந்தனர்" என்று மாணவரிடம் சொல்லிவிடுவார்கள். நான் அவ்வளவு தூரம் செல்லமாட்டேன். கல்லின்மேல் தூணை நிறுத்தினால் ஈரமும் கறையானும் எளிதில் ஏறா. உயர்த்திக் கட்டினால் அடியில் எருமை கட்டலாம், பகைவரும் எளிதில் நுழையார். இக்காரணங்களே முன்னின்றிருக்கலாம். ஆயினும், அடிக்கடி நடுங்கும் நாட்டில் எந்தப் பொருத்து பிழைத்தது, எது பிளந்தது என்பதைத் தச்சர் கண்ணால் கண்டே வந்தனர். அடுத்த வீட்டில் அதைத்தான் செய்திருப்பர். ஏட்டில் எழுதாததால் அது அறிவன்று என்றாகிவிடாது. இன்னொன்றும் உண்டு: இன்று நாம் காண்பவை பிழைத்த வீடுகள் மட்டுமே. விழுந்தவையும் எரிந்தவையும் நமக்குத் தெரியா. தீ இவ்வீடுகளுக்கு நடுக்கத்தைவிடக் கொடிய பகை.

இப்போது பெரும்பாலான கூரைகளில் கருநாருக்குப் பதில் துத்தநாகத் தகடு. பெருமரங்களும் அருகிவிட்டன; அவற்றைச் செதுக்கத் தெரிந்தோரும் குறைந்துவிட்டனர். அதைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. நாமும் அத்தாப்புக் கூரையை விட்டு வந்தவர்களே. என்னைக் கவலையுறச் செய்வது வேறு. சாமோசிர் தீவில் பழைய வீடுகள் சிலவற்றின் பின்புறம் செங்கல்லால் அடுக்களை கட்டி ஒட்டியிருக்கிறார்கள். சிலவற்றில் தூண்களுக்கிடையே சுவரெழுப்பி அடியை அறையாக்கியிருக்கிறார்கள். மரம் ஒருவிதமாக ஆடும். செங்கல் வேறுவிதமாக ஆடும். நழுவவேண்டிய தூணை அந்தச் சுவர் பிடித்து நிறுத்துகிறது.