கடைக்கு ஒரு விலாசம்

கொட்டாஞ்சேனையில் ஒரு மாடிப்படிக்குக் கீழே மெஷின் போட்டு பிளவுஸ் தைக்கும் அக்கா ஒருவருக்கு மாதத்தில் ஒருநாள் நான் கணக்கு எழுதிக் கொடுப்பதுண்டு. முல்லைத்தீவிலிருந்து வந்தவர். கணவர் இல்லை. வங்கியொன்றில் கடன் கேட்டபோது வர்த்தகப் பெயர்ப் பதிவு இருக்கிறதா என்றார்கள். பதிவுக்கு அலைந்தபோது, கடை இருக்கும் இடத்துக்கு உறுதியோ வாடகை ஒப்பந்தமோ வேண்டும் என்றார்கள். வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார்: “தங்கச்சி, எழுதித் தந்தால் பிறகு உங்களை எழுப்பேலாது.” கடன் கதை அதோடு நின்றது.

இலங்கையின் சிறு வியாபாரிகளை வைத்துச் செய்யப்பட்ட ஆய்வுகள் உலகமெங்கும் பொருளியல் மாணவர்களுக்குக் கற்பிக்கப்படுகின்றன. எங்கள் ஆட்கள் அவற்றை அறிந்தது குறைவு. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் சுரேஷ் டி மெல், உலக வங்கியின் டேவிட் மெக்கென்சி, கிறிஸ்டோபர் வுட்ரஃப் ஆகிய மூவரும் ஆழிப்பேரலைக்குப் பின், 2005 இல், களுத்துறை, காலி, மாத்தறை மாவட்டங்களில் இதைத் தொடங்கினார்கள். சிறு தொழில் செய்வோரைக் குலுக்கல் முறையில் தெரிந்து சிலருக்கு 10,000 ரூபா, சிலருக்கு 20,000 ரூபா பெறுமதியான பணமோ பொருளோ இனாமாகக் கொடுத்தார்கள். மற்றவர்களுக்குக் கொடுக்கவில்லை. இரு பகுதியினரின் இலாபத்தையும் தொடர்ந்து கணக்கெடுத்தார்கள். 2008 இல் வெளியான முடிவின்படி, அந்த முதல் மாதத்துக்கு ஏறக்குறைய 5 வீதம் வருவாய் தந்தது. எந்த வங்கி வட்டியையும் விட மிக அதிகம்.

ஆனால் அந்த வருவாய் ஆண்களின் தொழில்களில்தான் தெரிந்தது. பெண்களின் தொழில்களில் சராசரியாக ஒன்றும் கூடவில்லை. பெண்களுக்கு வியாபாரம் வராது என்று முடிவுகட்ட விரும்புவோருக்கு இது வசதியாகப் போயிற்று. இலங்கை, இந்தியா, கானா தரவுகளை வேறு ஆய்வாளர்கள் திரும்பப் பார்த்து 2019 இல் எழுதியது அதிகம் பேசப்படவில்லை. பெண்ணுக்குக் கொடுத்த காசு கணவனின் தொழிலுக்குப் போயிருக்கிறது. வீட்டில் தொழில் செய்பவர் அந்தப் பெண் மட்டுமே என்றால் இலாபம் நன்றாகவே கூடியிருக்கிறது. போருக்குப் பின் தனியே குடும்பம் நடத்தும் எங்கள் பெண்கள் எத்தனை பேர் இந்த இரண்டாம் வகைக்குள் வருவார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை.

அக்காவின் சிக்கலுக்கு நெருக்கமானது இதே மூவரின் இன்னோர் ஆய்வு. கொழும்பிலும் கண்டியிலும் பதிவில்லாத தொழில்களிடம் போய், பதிவு செய்யும் முறையை விளக்கி, நேரடிச் செலவையும் தருவதாகச் சொன்னார்கள். பதிவு கூடவில்லை. பிறகு கையில் காசு தருவதாகச் சொன்னார்கள். நடுத்தரமான ஒரு தொழிலின் இரண்டு மாத இலாபம் அளவுக்குத் தருவதாகச் சொன்னபோதுகூடப் பாதிப் பேர்தான் பதிந்தார்கள். மற்றவர்கள் ஏன் பதியவில்லை என்று கேட்டபோது அதிகம் பேர் சொன்ன காரணம் காணி உரிமைச் சிக்கல். 2013 இல் வெளியான அந்தக் கட்டுரையை வாசித்தபோது எனக்கு அந்த மாடிப்படிதான் நினைவுக்கு வந்தது.

பதிந்தவர்களில் சிலர் வேகமாக வளர்ந்தார்கள். பெரும்பாலானோருக்கு வருமானம் கூடவில்லை. பற்றுச்சீட்டுப் புத்தகம் வைத்தார்கள், விளம்பரம் செய்தார்கள். அரசின் மீது நம்பிக்கையும் கூடியதாம்.

இந்த இடத்தில் நான் சற்று நின்றேன். கொழும்புத் தமிழருக்குப் ‘பதிவு’ என்றால் முதலில் நினைவுக்கு வருவது வர்த்தகப் பெயரா? பொலிஸ் பதிவு அல்லவா? 2007 ஜூன் 7 அதிகாலை வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜ்களில் தங்கியிருந்த 376 தமிழர்கள் பஸ்களில் ஏற்றப்பட்டு நகரை விட்டு அனுப்பப்பட்டார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. லொட்ஜ் நடத்துவதும் சிறு தொழில்தான். பெயர் விபரம் எழுதிய புத்தகம் யார் கைக்குப் போகும் என்ற பயம் அதை நடத்தியவர்களுக்கும் தங்கியவர்களுக்கும் இருந்தது. மேலே சொன்ன ஆய்வுகளின் மாவட்டங்களில் வடக்கும் கிழக்கும் இல்லை. அந்தப் பயத்தின் விலையை அளக்க, எங்கிருந்து வந்து ஏன் இங்கே கடை போட்டீர்கள் என்று முதலில் கேட்டிருக்க வேண்டும்.

வாடகைக்கு இருப்பவரிடம் உறுதி கேட்பதை விட்டுவிட்டு, கிராம அலுவலரின் கடிதத்தையும் மின்சாரப் பட்டியலையும் பிரதேச செயலகங்கள் ஏற்றுக்கொண்டால் என்ன குறைந்துவிடும்? புதிய சுயதொழில் பயிற்சிகளை விட அது கூடப் பயன் தரும் என்பது என் எண்ணம். பயிற்சிச் சான்றிதழ்கள் அக்காவிடம் ஏற்கெனவே மூன்று இருக்கின்றன.

தை மாதம் சீட்டுக் காசில் அவர் இரண்டாவது மெஷின் வாங்கினார். பற்றுச்சீட்டுப் புத்தகமும் அடித்தாயிற்று. விலாசம் வரவேண்டிய இடத்தில் கைபேசி இலக்கம் மட்டும் இருக்கிறது.